ஓடிபி அண்ணன்

வண்டலூரில் ரயிலடிப் பக்கமோ ஜி.எஸ்.டி. ரோட்டிலோ, எந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், பான் கார்டு, பாஸ்போர்ட் என்று போர்டில் வரிசையாக இருக்கும். போர்டில் எழுதாத தொழில் ஒன்றும் உண்டு. சுற்றுவட்டாரத்து மின்னஞ்சல்களுக்கெல்லாம் அண்ணன்தான் தர்மகர்த்தா.

மண்ணிவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து நிற்பார்.

"தம்பி, மெயில் ஐடி இல்லாம ஒண்ணும் நடக்காதாமே?"

"உக்காருங்கய்யா, ரெண்டு நிமிசம்."

பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுத் தட்டுவார். பாஸ்வேர்டு வந்ததும் பெரியவரை ஒன்றும் கேட்க மாட்டார். அதற்குத் தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார்: பெயர், அட், 123. ரவி என்றால் ரவி@123. உமாவுக்கு அப்படிப் போட்டால் ஆங்கிலத்தில் ஓரெழுத்து குறையும், கூகுளோ எட்டு கேட்கும். அதனால் உமாவுக்கு மட்டும் 1234. இவ்வளவு பாதுகாப்பு இப்பகுதியில் உமாக்களுக்கு மட்டுமே.

பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று குரோம் கேட்கும். அண்ணன் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். போதாததற்கு ஒரு நீள நோட்டிலும் எழுதி வைப்பார். அதை யாரும் திறந்து பார்த்துவிட முடியாது. மேலே எப்போதும் டீ கிளாஸ் இருக்கும்.

கூத்து ஆரம்பிப்பதே அடுத்த கட்டத்தில்தான். கணக்கை மீட்க ஒரு மொபைல் எண் கேட்பார்கள். பெரியவர் செல்லை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். அண்ணன் தன் எண்ணைப் போடுவார். ஒரே எண்ணை எத்தனை பேருக்குப் போடுவாய் என்று கூகுள் ஒருநாள் மறுத்துவிடும். பிறகு மனைவியின் எண், மச்சானின் எண், கடைசியில் மதுராந்தகத்தில் இருக்கும் மாமியாரின் எண். எங்கோ பெங்களூரில் வேலை பார்க்கும் இன்ஜினியரின் மின்னஞ்சல் சாவி, மாமியாரின் பட்டன் போனில் வெற்றிலைப் பைக்குள் கிடக்கிறது.

பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் பார்க்க வேண்டும். "அண்ணே, ஓடிபி வந்துச்சா?" என்று மாணவன் கத்துவான். "இருடா, அது மாமியாருக்குப் போயிருக்கு" என்று போனை எடுப்பார்.

அண்ணன் திருடரா? சத்தியமாக இல்லை. மறந்து வைத்துவிட்டுப் போன மணிபர்ஸைக் கூப்பிட்டுக் கொடுப்பவர். அவர் நல்லவர் என்பதால்தான் யாருக்கும் பயமே வருவதில்லை. ஆனால் கடைப் பையன் மாறுவான். கம்ப்யூட்டரைப் பழைய விலைக்குத் தள்ளுவார். ஆஃபர் வந்தால் சிம்மையும் மாற்றுவார். வேண்டாமென்று விட்ட எண், 90 நாள் கழிந்தால் முகம் தெரியாத இன்னொருவருக்குப் போகலாம். பெரியவரின் மின்னஞ்சல் சாவியும் கூடவே போகும். மின்னஞ்சல் கையை விட்டுப் போனால் அது ஒன்றோடு நிற்காது. மற்றக் கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதங்களும் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன.

சில தளங்கள் ரகசியக் கேள்வி கேட்கும். பிடித்த உணவு எது? வாடிக்கையாளர் எல்லாருக்கும் அண்ணன் போடும் பதில் பிரியாணி, ஐயர் வீட்டு மாமி உட்பட. சிரிக்க வேண்டாம். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ அஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் இப்படித்தான் புகுந்தான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்ற கேள்விக்கு விடை: மூன்றையும் இணையத்தில் தேடியே எடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் சந்தித்தது ஊரறிந்த கதை. அந்த அம்மாள் பிரியாணி என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பார், வண்டலூர்க்காரர் யாரும் முயலாத வரை.

ஆகவே அடுத்த முறை போகும்போது உங்கள் செல்லைக் கையோடு கொண்டுபோங்கள். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதியைத் திறந்து, மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். மாமியாருடையது என்றால் மாற்றுங்கள். பாஸ்வேர்டை நீங்களே நீளமாக வையுங்கள். இருபடிச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைக் கம்ப்யூட்டர் உட்பட, உங்களுடையதல்லாத சாதனங்களையெல்லாம் வெளியேற்றுங்கள். உங்களுக்கு வரும் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது வைத்திருக்கிறார்களா என்று ஜிமெயில் அமைப்பிலும் ஒரு பார்வை பாருங்கள். பணமே போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார், மாமியாருக்கும் மத்தியானத் தூக்கம் கெடாது. கிளம்பும்போது ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் ஆதார் உள்ளேதான் இருக்கும்.