செங்கல் வேண்டாம் என்ற மகாராஜா

விழுப்புரம் பக்கம் போனால் மண்டகப்பட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒரு பாறை. அதில் குடைந்த ஒரு மண்டபம். இரண்டு பக்கமும் கதாயுதத்தோடு துவாரபாலகர்கள், வாடகை பாக்கி வசூலிக்க வந்தவர்கள் மாதிரி முறைத்தபடி நிற்கிறார்கள். உள்ளே மூன்று கருவறைகள். இந்தக் கெடுபிடியைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், மூன்றுமே காலி!

ஆனால் சாமி இல்லாவிட்டாலும் விளம்பரம் பத்திரமாக இருக்கிறது. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் அமைத்த கோயில் இது என்கிறது கல்வெட்டு. 'சர்க்கரை இல்லை, செயற்கை நிறம் இல்லை' என்று பிஸ்கட் பாக்கெட்டில் போடுகிறார்களே, அதற்கு ஏழாம் நூற்றாண்டு முன்னோடி. இருப்பதைச் சொல்லிப் பெருமைப்பட்ட ராஜாக்கள் ஏராளம். இல்லாததைச் சொல்லிப் பெருமைப்பட ஒரு தனி மூளை வேண்டும்!

மூளைக்குச் சொந்தக்காரர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். எல்லாம் சரி மகாராஜா, உலோகம் இல்லாமல் என்றீர்களே... பாறையை எதால் குடைந்தார்கள், நகத்தாலா? இரும்பு உளி வேண்டும். மழுங்கிய உளியைக் காய்ச்சி அடிக்க உலை வேண்டும். உலைக்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். ஆக, நான்கில் இரண்டு 'இல்லாமல்'கள் கொல்லன் பட்டறையிலேயே காலி!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மலையைக் குடைவது அப்போது ஒன்றும் புது டெக்னாலஜி இல்லை. வடக்கே பராபர் குன்றுகளில் அசோகர் காலத்திலேயே, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் குடைந்தாகிவிட்டது. அது தூரம், விடுங்கள். பக்கத்து ராஜ்ஜியமான பாதாமியில் சாளுக்கிய மங்களேசன் 578-லேயே விஷ்ணுவுக்குப் பிரமாதமான குகைக்கோயிலை முடித்துவிட்டான். அவன் யார்? மகேந்திரரின் பரம வைரி இரண்டாம் புலிகேசியின் சித்தப்பா. எதிரி வீட்டில் என்றோ செய்ததைத்தான் நம்மவர் 'விசித்திரம்' என்று ரிலீஸ் செய்தார்!

விசித்திரசித்தன் என்பதும் ஒரு பட்டம்தான். பட்டங்கள் விஷயத்தில் மகேந்திரருக்கு இருந்த பசி அலாதி. மத்தவிலாசன், குணபரன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சித்திரகாரப்புலி... பல்லாவரம் குகையில் ஒரு முழு லிஸ்டே வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் குகை இன்று ஒரு தர்கா. வேண்டுதலோடு வருகிறவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். லிஸ்ட்டைப் படிக்கத்தான் ஆள் இல்லை!

தளவானூர் குகைக்கு அவர் வைத்த பெயர் சத்ருமல்லேசுவரம். சத்ருமல்லன் என்றால் எதிரிகளுக்கு மல்லன். அந்த எதிரி நேரில் வந்தபோது என்ன நடந்தது? புலிகேசி கிளப்பிய தூசியில் பல்லவர் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்கிறது 634-ஆம் வருட ஐஹொளே கல்வெட்டு. பல்லவர் தரப்பின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரர் புள்ளலூரில் எதிரிகளை நொறுக்கினார் என்கிறது. நம்புவோம். ஆனால் புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்து ஊர். வீட்டு வாசல் வரை வந்தவனை விரட்டியதைத் திக்விஜயத்தில் சேர்க்கலாமா, தெரியவில்லை!

'செங்கல் வேண்டாம்' கொள்கையாவது கடைசிவரை நின்றதா? பெரியபுராணத்தைக் கேளுங்கள். அப்பர் பெருமானால் சைவத்துக்கு வந்த பல்லவ மன்னர், சமணப் பள்ளியை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினாராம். குணபரன் நம்மவர்தான் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. பாறையைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றவர், கடைசியில் செகண்ட்ஹேண்ட் சாமானில் கோயில் கட்டியிருக்கிறார்!

இவ்வளவு சொன்ன பிறகும் மனிதர்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. காரணம், 'மத்தவிலாசப் பிரகசனம்'. ராஜா எழுதிய சம்ஸ்கிருத காமெடி நாடகம். குடிபோதையில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு புத்த பிட்சுவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். பிட்சுவுக்கோ வேறு கவலை: புத்தர் மதுவையும் மாதுவையும் அனுமதித்துத்தான் இருப்பார், பொறாமை பிடித்த கிழங்கள் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டன! கடைசியில் கபாலத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய். சாமியார்களை இப்படிக் கிழித்த மகேந்திரர், பட்டப் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவரை மட்டும் நாடகத்தில் சேர்க்க மறந்துவிட்டார்!

இந்த வியாதி பரம்பரையாகவும் வந்தது. மகன் நரசிம்மவர்மன் புலிகேசியின் வாதாபியை, அதாவது அதே பாதாமியை, கொளுத்தி அப்பாவின் கணக்கைத் தீர்த்தார். மாமல்லன் என்ற அவர் பட்டம் ஒரு ஊருக்கே பெயராகிவிட்டது. மாமல்லபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்துப் பூஞ்சேரிப் பாறையையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று சில பெயர்கள் வெட்டியிருக்கும். பல்லவர் கால சிற்பிகளின் பெயர்கள் இவை என்கிறார்கள். நாளெல்லாம் ராஜாவின் பட்டங்களையே செதுக்கிக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்குமா? ஆனால் ஒன்று, அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பெயரே போதுமானதாக இருந்திருக்கிறது!