பாம்பு விட்டாலும் மாத்திரை விடாது

தஞ்சாவூர் என்றதும் நமக்குத் தட்டு, பொம்மை, வீணை என்று வரிசையாக வாயில் வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர்களைக் கேட்டிருந்தால் வேறொன்றைச் சொல்லியிருப்பார்கள்: தஞ்சாவூர் மாத்திரை. பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து. இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு கேட்டு யாராவது மனுப் போட்டால், சேர்மானத்தைப் படிக்கிற அதிகாரிக்கு முதலில் சோடா வாங்கித் தர வேண்டியிருக்கும்.

காலம் 1780கள். 1781இல் ஹைதர் அலியின் படை காவிரி டெல்டாவைத் துடைத்து எடுத்துவிட்டுப் போயிருந்தது. 1787இல் துளஜா மன்னர் கண்ணை மூட, அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். கஜானாவை ஹைதரும் கம்பெனியும் மாறி மாறி ‘கவனித்து’விட்டதால், மிச்சமிருந்த சொத்து வைத்தியர் மடியில் முடிந்து வைத்திருந்த ரகசியம்தான். கம்பெனி அதையும் விடவில்லை. அப்பன் சாகும் தறுவாயில் மூத்த மகன் காதில் ஓதுகிற சங்கதியை வாங்கி, ஊருக்கெல்லாம் தெரியும்படி வெளியிட்டுவிட்டது.

உள்ளே என்ன இருந்தது? வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக். பாதரசம். நேர்வாளக் கொட்டை. வெள்ளி நாவி, நேரி விஷம் என்று துரைமார்கள் குறித்து வைத்த இரண்டு வேர்கள். மிளகு. பாதரசத்தைக் காட்டுப் பருத்திச் சாறு விட்டு, மணி மணியாக உருண்டோடுவது அடங்கும்வரை அரைத்து, மற்றதையெல்லாம் சேர்த்து உருட்ட வேண்டும். இந்தக் கூட்டத்தில் அடுக்களைக்குள் விடக்கூடிய ஒரே ஆசாமி மிளகுதான்.

வரப்பில் ஒருவனுக்குக் கடி விழுகிறது. கடித்தது சாரையோ நீர்க்கோலியோ என்றால் மருந்தே வேண்டாம். நல்லபாம்பேகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போய்விடும். மாத்திரை அப்படிப் பெருந்தன்மை காட்டாது. ஆர்சனிக் குடலை எரிக்கும். நேர்வாளம் ஆளைக் கொல்லைப்புறத்திலேயே குடியமர்த்தும். வாந்தியும் பேதியுமாக அவன் துவண்டு கிடக்க, சுற்றி நிற்பவர்கள் “விஷம் இறங்குதுடா” என்று ஆறுதல் சொல்வார்கள். இறங்கியது வாஸ்தவம்தான். எந்த விஷம் என்றுதான் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆள் பிழைத்தால் பேர் மாத்திரைக்கு. போய்ச் சேர்ந்தால் பழி தலையெழுத்துக்கு. பிழைத்தவன் சந்தைக்குச் சந்தை சாட்சி சொல்வான். செத்தவன் எந்தக் காலத்தில் புகார் கொடுக்க வந்திருக்கிறான்? இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருந்தால், மிளகு ரசத்தையே சஞ்சீவி என்று விற்றுவிடலாம்.

வேலூரில் இருந்த டஃபின் என்ற கம்பெனி சர்ஜன் இதே கணக்கில் மயங்கினார். கடிபட்டவர்களுக்குக் கொடுத்தேன், குணமானார்கள் என்று எழுதினார். கம்பெனியின் தாவரவியலாளர் பேட்ரிக் ரஸ்ஸல் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. கோழியையும் நாயையும் பாம்பிடம் நீட்டிக் கடிக்கவிட்டு மருந்துகளைச் சோதித்தார். கோழிக்குத் தஞ்சாவூர்ப் பெருமை தெரியாது, அற்புதமும் நடக்கவில்லை. 1796இல் இந்தியப் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். மாத்திரை மறந்துபோனது, கண்ணாடி விரியனுக்கு மட்டும் இங்கிலீஷில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் வெள்ளைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை. 1786இல்தான் தாமஸ் ஃபவுலர் என்கிற இங்கிலாந்து டாக்டர் ஆர்சனிக் கரைசலைக் காய்ச்சலுக்குச் சிபாரிசு செய்திருந்தார். அப்புறம் தஞ்சாவூர் மாத்திரையின் புகழைப் படித்த ஒரு ராணுவ சர்ஜன், செயின்ட் லூசியா தீவில் பாம்பு கடித்த சிப்பாய்களுக்கு அந்தக் கரைசலையே ஊற்றினார். காவிரிப் பாஷாணம் கரீபியக் கடல்வரை போய்ப் பேர் வாங்கியது.

சீனர்களோ நமக்கு அண்ணன். சாகாமல் இருக்க ஆசைப்பட்டுப் பாதரசம் விழுங்கியே முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 210இல் செத்தார் என்பார்கள். அதைக் கேட்ட பிறகும் தாங் வம்சத்துச் சக்கரவர்த்திகள் பலர் அமுத உருண்டை விழுங்கி அடுத்தடுத்துக் கிளம்பினார்கள். பாதரசத் தாதுவான சாதிலிங்கம் சேர்த்த உறக்க மாத்திரையும் அங்கே உண்டு. நம் சித்தர் போகர் சீனா போனார் என்று ஒரு கதை, சீனாவிலிருந்து வந்தார் என்று இன்னொரு கதை. எந்தக் கதையானாலும் மூட்டையில் ரசம் இருந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே வெள்ளைப் பாஷாணத்தை 1970களில் ஹார்பின் நகரத்து டாக்டர்கள் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிப் பார்த்தார்கள், பலித்தது. 2000இல் அமெரிக்காவும் அனுமதித்தது. பாஷாணம் திருந்திவிடவில்லை. அளவை மில்லிகிராமில் பிடித்தார்கள், இதயத் துடிப்பைக் கண்காணித்தார்கள், பிழைத்தவரோடு பிழைக்காதவரையும் கணக்கில் எழுதினார்கள்.

மூலிகை மருந்துக்கும் இதே நியாயம்தான். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது 2004இல் தெரிந்து நாற்றம் எடுத்தது. 2006 முதல் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துக்கு உலோகச் சோதனை கட்டாயம் என்றது நம் அரசு: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), பாதரசம் 1, காட்மியம் 0.3, அதற்கு மேல் கூடாது. முதல் மரியாதை வெளியூர்க்காரன் குடலுக்கு!

ஆகவே, ஆயிரம் வருஷத்து மருந்து என்று யாராவது நீட்டினால் வருஷத்தை விட்டுவிட்டு பிபிஎம் கேளுங்கள். பாம்பு கடித்தால் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே போடுகிற ஊசிக்கான விஷத்தில் பெரும்பகுதியைப் பாம்பிடமிருந்து கறந்து கொடுப்பது 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்பின் வாயைத் தைரியமாகத் திறந்தவர்கள் அவர்கள். ஊரார் வாயை மட்டும் நம்பி ஓடியது மாத்திரை.