கான்டெஸா மோகம்: ஒரு திணைக்கோட்பாட்டு நோக்கு

பழைய சொகுசுக் கார் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருக்கும் நடுத்தர வயதுக்காரரிடம் போய், “இதில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார், பானட்டைத் திறப்பார். திறந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எவருக்கும் விடை கிடைத்ததாக இதுவரை சான்றில்லை. சங்கப் பாடல்களில் வரும் தேர்களைப் பற்றி ஆய்வேடுகள் அடுக்கடுக்காக வந்துவிட்டன. தார்ப்பாய் போர்த்திய கார்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் குறையை ஓரளவு போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வெல்லை. ரோல்ஸ் ராய்ஸ் வகையறாக்கள் இங்கே விலக்கப்படுகின்றன. அவற்றை ஒருவர் ஏன் விரும்புகிறார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. விரும்புவதற்குக் காரணம் குறைவாகவும் விரும்புகிறவர்கள் அதிகமாகவும் இருக்கும் கார்தான் ஆய்வாளனுக்கு உகந்தது. அந்த அளவுகோலில் இந்தியாவில் முதலிடம் இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவுக்கு. இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் ஸ்டாண்டர்ட் 2000 கட்சியினர். அவர்களுக்குப் பின்னால் வருவோம்.

வரலாறு சுருக்கமாக. இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வாக்ஸால் நிறுவனம் 1972-ல் விக்டர் எஃப்இ என்றொரு காரை வெளியிட்டது. 1978-ல் அங்கே அதன் கதை முடிந்தது. அந்த அச்சுகளை வாங்கி வந்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் வைத்து, 1984-ல் புத்தம்புதுக் கார் என்று நமக்குக் கொடுத்தார்கள். நாமும் புத்தம்புதுக் கார் என்றே வாங்கிக்கொண்டோம். உடல் நாலரை மீட்டருக்கு மேல் நீளம், எடை ஒரு டன்னுக்கு மேல். முகத்தில் நான்கு வட்ட விளக்குகள். உள்ளே அம்பாஸடரின் 1489 சிசி எஞ்சின். அது தந்தது ஏறத்தாழ 50 குதிரைத்திறன். மலைப்பாதையில் ஏசியைப் போட்டால் வண்டி ஏறாது, வண்டி ஏறவேண்டுமானால் ஏசியை நிறுத்தவேண்டும். சொகுசு வேண்டுமா, ஊர் போய்ச் சேரவேண்டுமா என்று உரிமையாளரையே முடிவெடுக்கச் சொன்ன சொகுசுக் கார் இதுவாகத்தான் இருக்கும். பிறகு ஜப்பானிய இஸுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. ‘கிளாசிக்’ என்று பெயரும் நீண்டது. வண்டிக்கு உயிர் வந்தது அப்போதுதான். அதற்கப்புறம் டீசல். 2002-ல் உற்பத்தி நின்றது.

இந்தக் காரை இன்றைய ரசிகர்கள் இந்தியாவின் மஸில் கார் என்று அழைக்கிறார்கள். 50 குதிரைகளில் எந்தக் குதிரைக்குத் தசை இருந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி கருதுகோள்கள். தரத்தினால் விரும்பப்படுகிறது என்பது முதலாவது. இதைச் சோதிக்கக் களத்தில் ஒரு கருவி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: கைக்குட்டையில் சுற்றிய காந்தம். பழைய வண்டி வாங்கப் போகிறவர் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சக்கர வளைவின் மேலும் கதவின் அடிவிளிம்பிலும் டிக்கியின் ஓரத்திலும் வைத்துப் பார்ப்பார். இரும்பாக இருந்தால் ஒட்டும். துரு தின்ற இடத்தில் பட்டி போட்டு மெழுகியிருந்தால் காந்தம் நழுவி உள்ளங்கையில் விழும். கான்டெஸாவின் பக்கவாட்டில் காந்தம் நழுவிய இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் கிட்டத்தட்ட காரின் வரைபடமே கிடைத்துவிடும். வியப்பு அதில் இல்லை. காந்தம் நழுவியதும் வாங்க வந்தவரின் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை என்பதே வியப்பு. “பரவாயில்ல, நல்ல டிங்கர் ஒருத்தர் இருக்கார்” என்றுதான் முணுமுணுக்கிறார். ஆகவே முதல் கருதுகோள் அங்கேயே விழுந்தது.

அருமைதான் காரணம் என்பது இரண்டாவது. பிரீமியர் 118 என்இ-யும் அதே எண்பதுகளில் வந்தது, அதுவும் அருகிப்போய்விட்டது. அதை நினைத்து யாரும் நடுச்சாலையில் நின்று திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் மன்னிக்கவும்.

மூன்றாவதுதான் இக்கட்டுரை முன்வைக்கும் கோட்பாடு. அதற்கு எட்டாமைக் கோட்பாடு என்று பெயரிடலாம். வெளிநாட்டுக் கார்மேல் அதன் விலையைவிட அதிகமாக வரி விழுந்த காலம் அது. எனவே உள்நாட்டில் பணத்துக்கு எட்டிய உச்சம் கான்டெஸா. அமைச்சர், மில் முதலாளி, திரைப்பட வில்லன் என்று மூவகையினரே அதிலிருந்து இறங்கினார்கள். கதவு திறக்கும், முதலில் வெள்ளைச் செருப்பு, பிறகு ஆள். தெருமுனையில் அரை டிராயரோடு நின்று அந்தக் கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்டவன்தான் நாற்பது ஆண்டு கழித்து விளம்பரம் பார்த்து விலை பேச வருகிறான். வண்டியைச் சுற்றிப் பார்த்ததும் அவன் முதலில் செய்வது எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதல்ல. கதவைத் திறந்து சாத்துகிறான். மறுபடி திறந்து சாத்துகிறான். அந்தத் ‘தொப்’ சரியாக விழுந்துவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி.

இதற்கு எதிர்ச்சான்றும் தேடப்பட்டது. வீட்டிலேயே கான்டெஸா வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் இந்த மோகம் அநேகமாக இல்லை. ஊருக்குள் லிட்டருக்கு ஒற்றை இலக்கத்தில் ஓடிய வண்டிக்கு அப்பா பெட்ரோல் போட்ட கதையும், கல்யாணத்துக்குப் போகும் வழியில் எல்லோரும் இறங்கித் தள்ளிய கதையும்தான் அவர்களுக்கு நினைவில் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்தவனுக்கு இல்லாத ஆசை வெளியே நின்றவனுக்கு இருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு: 2016 தேர்தலில் ஜெயலலிதா தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின் வாகனப் பட்டியலில் இரண்டு டொயோட்டா பிராடோக்களோடு 1990-ஆம் ஆண்டுக் கான்டெஸா ஒன்றும் இருந்தது. அது மோகத்தாலா, விற்க நேரமில்லாததாலா என்று ஆய்வாளன் ஊகிக்க முற்படவில்லை.

ஒரு முரணையும் இங்கே சுட்டவேண்டும். கான்டெஸா பின்சீட்டுக்காக வாங்கப்பட்ட கார். முதலாளி பின்னால் சாய்ந்திருப்பார், முன்னால் டிரைவர் வியர்ப்பார். இன்றைய ரசிகர் தானே ஓட்டுகிறார். எந்த இருக்கையைப் பார்த்து ஏங்கினாரோ அந்த இருக்கையில் அவர் ஒருநாளும் உட்காருவதில்லை. அங்கே ஒரு ஜாக்கி, தண்ணீர் கேன், பழைய பனியன் துணி, ஸ்பேர் ஃபேன் பெல்ட் ஆகியவை பயணம் செய்கின்றன.

எட்டாமை மட்டும் போதுமென்றால் விலை விழுந்ததும் ஆசை தீர்ந்திருக்கவேண்டும். 1995-க்குப் பிறகு சியலோவும் எஸ்கார்ட்டும் ஆஸ்ட்ராவும் வந்து கான்டெஸாவை ஓரங்கட்டின. அதன் விலை மாருதி 800-க்கும் கீழே போன காலம் உண்டு. அப்போது வாங்கியவர்களுக்கு ஆசை தீரவில்லை, வளர்ந்தது. அதன் காரணத்தைத் தேடும்போதுதான் மேலைநாட்டுக் கோட்பாடுகள் கைவிட, தொல்காப்பியம் கைகொடுக்கிறது.

முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் போர்டிகோ, அது இல்லாதவர்க்கு வேப்பமரத்தடி. சிறுபொழுது ஞாயிறு காலை. பெரும்பொழுது எஃப்சி முடிவதற்கு முந்தைய மாதம். கருப்பொருளில் தெய்வம் மெக்கானிக். வருவதாகச் சொல்லிவிட்டு வராதிருப்பது தெய்வத்துக்கும் பொருந்தும் இலக்கணமே. விலங்கு வயரைக் கடிக்கும் எலி. பறை ஓட்டை விழுந்த சைலன்சர். பூ, துருப்பூ, எல்லாப் பருவத்திலும் பூக்கும்.

உரிப்பொருள்தான் உயிர். அட்வான்ஸ் கொடுத்து ஆர்சி புக்கைக் கையில் வாங்கும் தருணம் குறிஞ்சி. கூடலின் இன்பம் அதோடு சரி. திண்டிவனம் தாண்டி நண்பகலில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டால் பாலை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் குரோம் பம்பராக மாறிய செய்தி வீட்டுக்குத் தெரியவரும் நாள் மருதம்; அன்று ஊடல், அது சில வீடுகளில் மாதக்கணக்கில் நீளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டிக்கொண்டு பழைய கார் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்றின் முன் இரங்கலைத் தவிர வழியில்லை, நெய்தல். ஆனால் இந்த வாழ்க்கையின் பெரும்பகுதி முல்லை. அதாவது இருத்தல், வரும் வரும் என்று காத்திருத்தல். புதுப்பேட்டையில் சொல்லி வைத்த ஸ்டியரிங் பாகத்துக்காக, கொல்கத்தாவிலிருந்து லாரியில் வரவேண்டிய கண்ணாடிக்காக, கிளாசிக்கின் இடதுபக்கப் பின்விளக்குக்காக. பொருள் வந்துவிட்டால் மகிழ்ச்சி ஒரு வாரம் நிற்கும். பிறகு வேறு எதற்காவது காத்திருக்க வண்டியே வழி செய்துகொடுக்கும்.

உதிரிபாகத்துக்காகவே இன்னொரு கான்டெஸாவை வாங்கி வீட்டின் பின்புறம் நிறுத்துவது பெருந்திணை. அதற்கு மேல் ஆய்வு செய்வது பண்பாகாது.

இதற்கு வலுவான மறுப்பு மெர்சிடிஸ் தரப்பிலிருந்து வரும். 1976 முதல் பத்தாண்டு காலம் தயாரான டபிள்யூ123 வகைக் கார்கள் சுமார் 27 லட்சம். எதையும் தாங்கும் என்று பெயரெடுத்தவை. கெடாத காருக்கு ஏன் இத்தனை ரசிகர்கள், தொல்லைதான் மோகத்தை வளர்க்கிறது என்றால் இது எப்படி என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் காரின் டீசல் வகையில் எஞ்சினை நிறுத்துவதும் கதவுகளைப் பூட்டுவதும் ஒரே வெற்றிடக் குழாய் அமைப்பைச் சார்ந்தவை. வயதாகி எங்கோ ஒரு ரப்பர் குழாய் கசிந்தால், சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிய பிறகும் எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். உரிமையாளர் பானட்டைத் திறந்து உள்ளே இருக்கும் ‘ஸ்டாப்’ என்ற நெம்பை விரலால் அழுத்தி நிறுத்துவார். கல்யாண மண்டப வாசலில் நாலு பேர் பார்க்க இதைச் செய்கிறவரின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது வெட்கமல்ல. தன்னைத் தவிர வேறு யாராலும் இந்த வண்டியை நிறுத்த முடியாது என்ற பெருமிதம். புதுக் கார் யார் பொத்தானை அழுத்தினாலும் நிற்கும். அதற்கு உரிமையாளர் தேவை, அந்த உரிமையாளர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். கோட்பாடு உடையவில்லை, வலுப்பெற்றது.

எனவே பின்வரும் சூத்திரம் முன்மொழியப்படுகிறது: அன்றைய எட்டாமையை இன்றைய தொல்லையால் பெருக்கி, மிஞ்சியிருக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது மோகம். இதன் அலகு பெருமூச்சு.

இந்தச் சூத்திரப்படி ஸ்டாண்டர்ட் 2000 கட்சியினர் நம்மை மிஞ்சிவிடுகிறார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 1977-ல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கியது ரோவர் எஸ்டி1. மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு பாய்ந்தது. அதே உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து, பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில், 1940-களின் வான்கார்டு காரின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, நம் சாலைப் பள்ளங்களுக்குப் பயந்து வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, 1985-ல் விற்பனைக்கு விட்டார்கள். 1980-களோடு அதன் ஆட்டம் முடிந்தது. விலையோ அதிகம், வேகமோ குறைவு, பாகமோ கிடைப்பதில்லை. இன்று அதை வைத்திருப்பவரிடம் கான்டெஸாக்காரர் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்.

தரகர்களின் வழக்காறு ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். விற்பனைக்கு வரும் பழைய சொகுசுக் கார் எல்லாமே ‘டாக்டர் வண்டி’. “சிங்கிள் ஓனர் சார், டாக்டர். வாரத்துக்கு ஒரு தடவ கோயிலுக்குப் போறதோட சரி.” இதை அப்படியே ஏற்றால் எண்பதுகளின் தமிழ்நாட்டில் கான்டெஸா வாங்கிய அமைச்சரும் மில் முதலாளியும் வில்லனும் எம்பிபிஎஸ் முடித்தவர்கள் என்றாகிறது. மீட்டர் ரீடிங்கும் அந்த வாதத்துக்குத் துணைநிற்கும். ஐந்து இலக்கத்தோடு ஓடி முடித்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் மீட்டருக்கு நினைவு கிடையாது.

சட்டத்தின் நிலைப்பாடு சற்று வேடிக்கையானது. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். ஆனால் மத்திய விதிகளின்படி ‘விண்டேஜ்’ என்ற மரியாதை கிடைக்க முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டவேண்டும். முதல் கான்டெஸாவுக்கே அது 2034-க்கு முன் வாய்க்காது. அதுவரை அது கிழடு என்று வரி கட்டவேண்டும், பழம்பொருள் என்று பெருமைப்படக் கூடாது. விண்டேஜ் ஆன பிறகோ அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. கான்டெஸாவைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றமாக இருக்காது.

ஆய்வாளனுக்கு இதில் தனிப்பட்ட பற்று எதுவும் கிடையாது. எனினும் கோட்பாட்டை நடைமுறையில் சரிபார்க்கும் பொருட்டு, கான்டெஸா கிளாசிக்கின் இடதுபக்கப் பின்விளக்கு, விரிசல் இல்லாதது, ஒரிஜினல், வாசகர்கள் எவரிடமாவது இருந்தால் அன்புகூர்ந்து பத்திரிகை வழியாகத் தெரிவிக்கவும். பணம் அனுப்பப்படும். வீட்டு முகவரிக்குக் கடிதம் போடவேண்டாம்.