தலைக்கணக்கு

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ரோட்டோரம் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளி. அப்பா அங்கேதான் வாத்தியார், நான் அங்கேதான் படித்தேன், பிறகு நானும் அங்கேயே வாத்தியாராகி 31 வருஷம் சாக்பீஸ் தேய்த்தேன். சுற்றிலும் மரவள்ளிக் காடு. மழை நாளில் சேகோ ஃபேக்டரி நாற்றம் வகுப்புக்குள் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

இடம் சர்க்கார் கொடுத்த புறம்போக்கு. உத்தரவின் நகல் ஹெட்மாஸ்டர் அறைப் பீரோவில், பூச்சி உருண்டை மணத்தோடு இருக்கும். கொடுத்த காரியத்துக்கல்லாமல் வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் நிலம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அப்பாவுக்கு அது மனப்பாடம். ஆடுகூட மேயாத கல்லாங்காட்டை இப்படிக் கட்டுக்காவலோடு கொடுத்திருக்கிறார்களே என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். இப்போது அதே ஊர்க்காரர்களின் பேரன்மார் பள்ளிச் சுவரோரம் பைக்கை நிறுத்தி, "சார், சதுர அடி என்ன போகுமுங்க?" என்கிறார்கள். அந்த நிபந்தனை இருக்கிறது, பிழைத்தோம்.

இந்தப் பக்கம் மிஷன்காரர்கள் வந்தது பழைய கதை. லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்தில் கால் வைத்தது. அதற்கு முந்தின வருஷம்தான் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்கத் திண்ணைப் பள்ளிகளை எண்ணிப் பார்த்த கணக்கை வைத்து, ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று எழுதினார். எண்ணிய கைக்குக் கொடுக்க மனசு வர இன்னும் நாளாயிற்று. 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிக்கும் மானியம் உண்டு என்றது. மதபோதனையில் சர்க்கார் தலையிடாது. ஆனால் பிள்ளைகளிடம் எவ்வளவு சின்னதானாலும் ஒரு ஃபீஸ் வாங்கியே ஆகவேண்டும், இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காதாம்! 1860களில் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பையனையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குக் கேட்டு, தேறிய தலைக்கு இவ்வளவு என்று காசு. ரிசல்ட் பைத்தியம் நாமக்கல்லில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

அப்பா காலத்தில் ஜூன் மாதம் அட்மிஷனுக்கு வந்த கூட்டத்தில் பாதியை "அடுத்த வருஷம் பாக்கலாம் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். என் காலத்தில் மே மாத வெயிலில் டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு வீடு வீடாக நாங்கள் பிள்ளை பிடிக்கப் போனோம். எங்களுக்கு முன்பே தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் போயிருக்கும். ஒரு அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டாள்: "ஏனுங்க வாத்தியாரே, உங்க பையன் எந்தப் பள்ளிக்கூடமுங்க?" மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. என் பையன் நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். ஊரார் அதை பிராய்லர் பள்ளி என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், ஃபீஸ் கட்டிவிட்டு வரும் வழியில்.

1991-92க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு கிராண்ட் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் 2009இல் கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஃபீஸ் சர்க்கார் பொறுப்பு. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் சர்க்கார் காசு மஞ்சள் வேன் ஏறிப் போனதையும் நான்தானே பார்த்தேன்.

மானியப் பள்ளியான எங்களுக்கு மிஞ்சியது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. அன்றைய தலைக்கணக்கை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். 60 பிள்ளை என்றால் இரண்டு வாத்தியார், 61 என்றால் மூன்று. ஒரு வருஷம் ரெஜிஸ்டரில் சரியாக 61. அந்த 61ஆவது, சத்துணவு ஆயாவின் பேரன். சேர்ந்ததிலிருந்து பள்ளிக்கு வந்த நாளைவிடப் புளியமரத்தடியில் தூங்கிய நாள்தான் அதிகம். காலையிலேயே போய்த் தூக்கிவந்தோம். தலை வாரி, பவுடர் போட்டு, முதல் வரிசையில் உட்காரவைத்தோம். வந்த அதிகாரி பேனா முனையால் ஒவ்வொரு தலையாக எண்ணினார். சின்ன டீச்சரின் உதடும் கூடவே எண்ணியது. அவர் வேலைதான் அந்த மூன்றாவது.

"அறுபத்தொண்ணு" என்று அதிகாரி எழுதினார்.

பையன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "சார், ஆயாகிட்ட போகட்டுங்களா?"

"கொஞ்சம் இரு கண்ணு" என்றேன். ஜீப் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை.