‘இதழ் வரவில்லை’: வாசகர் உறவின் இலக்கணம் குறித்து ஒரு முன்னாய்வு

புதிதாகச் சிற்றிதழ் தொடங்குகிறவர் முதல் தலையங்கத்திலேயே வாசகரை ‘நண்பரே’ என்று விளித்து, கருத்துகளை எழுதி அனுப்பும்படி மன்றாடுவது மரபு. வந்து சேரும் பாராட்டுக் கடிதங்களைக் கட்டி வைத்துக்கொண்டு, வாசகர் வட்டம் அமைந்துவிட்டது என்று நம்புவதும் மரபே. இம்மரபு அடிப்படையற்றது என்பது இக்கட்டுரையின் துணிபு. பாராட்டு உறவுக்குச் சான்றாகாது. ‘மார்ச் இதழ் இன்னும் வரவில்லை’ என்று எரிச்சலோடு வரும் அஞ்சலட்டையே சான்றாகும்.

முதலில் பாராட்டுக் கடிதத்தின் உடற்கூற்றைக் காண்போம். தொடக்கத்தில் ‘தங்கள் இதழ் கண்டேன், களித்தேன்.’ நடுவில் அட்டை ஓவியத்தைப் பற்றி ஒரு வரி. அட்டையைத் தாண்டி உள்ளே போகவில்லை என்பதற்கு அதுவே அகச்சான்று. இறுதியில் ‘இத்துடன் என் கவிதைகள் சில இணைத்துள்ளேன்.’ பாராட்டு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு கவிதைகள் உள்ளே இருக்கும். உறையைக் கையில் வாங்கி எடை பார்த்தே இதைச் சொல்லிவிடும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களை இத்துறையின் முன்னோடிகளாகக் கொள்ளலாம். இவ்வகைக் கடிதம் எழுதுகிறவர் தேடுவது வாசிக்க ஓர் இதழை அல்ல, தமக்கு அதில் இரண்டு பக்கத்தை. தவறில்லை; ஆனால் அவர் வேறு இனம்.

இனி அஞ்சலட்டை. 1879இல் இந்தியாவுக்கு வந்த இச்சாதனத்தின் விலை 50 காசு. அதை வாங்கி எழுதுவதற்கு முன் வாசகர் கடந்து வந்த கட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இதழ் வரவேண்டிய தேதியை அவர் மனத்தில் வைத்திருக்கிறார். நாலைந்து நாள் பொறுக்கிறார். தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறார். பிறகு எதிர்வீட்டுக்காரர் மேல் சந்தேகம் பிறக்கிறது (அந்த மனிதர் பஞ்சாங்கத்தைத் தவிர வேறெதையும் வாசிப்பவரல்லர் என்று தெரிந்திருந்தும்). கடைசியில்தான் பேனாவை எடுக்கிறார். இந்நிலையை நெய்தலின் இரங்கலில் சேர்ப்பதா, மருதத்தின் ஊடலில் சேர்ப்பதா என்பதில் இருவேறு கருத்துக்கு இடமுண்டு. ஊடல் என்பதே என் முடிபு. ‘இதற்கும் பதில் இல்லையென்றால் சந்தாவைத் திருப்பி அனுப்பவும்’ என்று கடுமையாக முடித்தாலும், கீழே முழு முகவரியைப் பின்கோடு உட்பட மறக்காமல் எழுதியிருப்பார். போய்விட நினைப்பவர் பின்கோடு எழுதுவதில்லை.

வரலாறும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ இதழில் பாரதியார் ஆளுக்கேற்றபடி சந்தா வைத்தார்: அரசாங்கத்துக்கு 50 ரூபாய், சாமானியருக்கு 3 ரூபாய். இதழ் கிடைக்கவில்லை என்று அரசாங்கம் அட்டை போட்டதாகத் தகவலில்லை. அவர்களுக்கு வேறு வழியில் கிடைத்திருக்கும். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா இன்னும் ஒருபடி மேலே போய், 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். வரம்பு மீறும் ஆபத்து கடைசிவரை நேரவில்லை. ஆனாலும் 119 இதழ்கள் வந்தன. புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதருக்கு, தம் வாசகர் யார் என்று அறியக் கணக்கெடுப்பு தேவைப்பட்டிராது.

கடைகளில் விற்கும் வணிக வார இதழ்களை இவ்வாய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு பிரதி தவறினால் அவற்றின் வாசகர் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார். ஊடலுக்கு அங்கே இடமில்லை. ஆயுள் சந்தாவில் குறிக்கப்படுவது யாருடைய ஆயுள் என்ற பழைய வழக்குக்குள்ளும் நுழையவில்லை. பெரும்பாலும் இதழே முந்திக்கொள்கிறது.

ஆசிரியர் தம் பக்கத்திலிருந்து அன்பைத் தெரிவிக்க வழியிருந்ததா? இங்கே சட்டம் குறுக்கிட்டது. சிற்றிதழ்களைச் சுமந்த புக்போஸ்டில் உறையை ஒட்டக்கூடாது என்பது விதியாக இருந்தது. அதிகாரி பிரித்துப் பார்க்கத் தோதாக ஒரு முனை திறந்திருக்க வேண்டியிருந்தது. தனிப்பட்ட கடிதம் எதையும் உள்ளே வைக்கவும் அனுமதியில்லாதிருந்தது. ‘நலமா?’ என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்தாலும் குற்றமாக இருந்தது. வாசகருக்கோ மணியார்டர் கூப்பனின் அடியில் நாலு வரி எழுத உரிமை இருந்தது. மகளின் கல்யாணம், மாற்றலான ஊர், போன இதழின் அச்சுப்பிழை எல்லாவற்றையும் அதில் நெருக்கி எழுதிவிடுவார். ஆசிரியருக்கு மிஞ்சியது முகவரி ஒன்றுதான். அதைக் கையால் எழுதினால் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. கையெழுத்தைக் கண்டே எந்த இதழ் வந்திருக்கிறது என்று சொன்ன வாசகர்கள் இருந்தார்கள். அச்சடித்த முகவரிச் சீட்டு வந்தபின் இந்தக் கடைசிச் சன்னலும் மூடப்பட்டது என்பது என் கருத்து. நேரம் மிச்சமாயிற்று என்பார்கள். அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்துணிபைச் சோதிக்க விரும்பும் புதிய ஆசிரியருக்கு எளிய முறை ஒன்று உண்டு. மூன்றாம் இதழைச் சிலருக்கு மட்டும் அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும். யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தேர்க. கவிதை அனுப்பியவர்களாகப் பார்த்துப் பொறுக்கினால் ஆய்வு கெட்டுவிடும். பிறகு காத்திருக்க வேண்டும். அட்டை போட்டவர்களுக்கு அன்றே இதழை அனுப்பி, அவர்கள் பெயரைத் தனி நோட்டில் குறித்துக்கொள்க; நான்காம் ஆண்டு இழப்பைக் கணக்கிடும்போது அந்த நோட்டு தேவைப்படும். ஓர் அட்டைகூட வராவிட்டால், அட்டைகள் வழியில் தொலைந்துவிட்டதாகத் தபால் துறையைக் குறைசொல்லித் தலையங்கம் எழுதலாம். முன்னுதாரணங்கள் ஏராளம்.