டி.டி.பி. அண்ணனின் டெஸ்க்டாப்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் நடக்கும் சின்ன அறை. அதில் கணினிக்கு முன்னால் இருப்பவர்தான் டி.டி.பி. அண்ணன். ஊருக்கு ஒருவராவது உண்டு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் இவர் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். பாமினி எழுத்துருவில் தட்ட ஆரம்பித்தால் விசைப்பலகையைக் குனிந்தே பார்க்க மாட்டார்.

"அண்ணே, போன ஆவணில அக்காவுக்கு அடிச்சீங்களே, அதையே எடுத்துப் பேரை மட்டும் மாத்திக் குடுங்க."

அவ்வளவுதான், விரல்கள் நின்றுவிடும்.

திரையின் பின்னணியில் முருகன் இருப்பதாக ஐதீகம். நமக்குத் தெரிவது வேல்நுனி மட்டும். மீதியைக் கோப்புகள் மூடிவிட்டன. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஓகே', 'பெரியப்பா பேர் சேர்த்தது', 'பெரியப்பா சமாதானம்'. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த நாளில், தொடாமல் கிடக்கும் ஷார்ட்கட்களை ஒதுக்கட்டுமா என்று 60 நாளுக்கொரு முறை கணினியே கேட்கும். அண்ணன் கேன்சல் கொடுத்தே வளர்ந்தவர்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொழில் கற்றது டாஸ் காலத்தில். கோப்புப் பெயருக்கு எட்டே எழுத்து. விண்டோஸ் 95 வந்து 255 வரை போகலாம் என்றதும், உற்சாகமாக மணமகன் பெயரோடு 'த/பெ' என்று ஆரம்பித்தார். சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. 12/3 என்று தேதி போட்டாலும் அதே கதி. பாமினியில் பெயர் வைத்தாலோ, அந்த எழுத்துரு கோப்புப் பெயருக்குப் பொருந்தாததால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். வெறுத்துப்போய், விரல் பட்ட நாலு எழுத்தில் சேமிக்கத் தொடங்கினார்.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டாள். கோப்புப் பெயரெல்லாம் '2024-08-21' என்று ஆண்டில் தொடங்கின. அப்படி வைத்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒரே இடத்தில் குவியும். 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரமும் ஆண்டைத்தான் முன்னால் வைக்கிறது.

அண்ணன் மனமாரப் பாராட்டினார். பிறகு, "சட்டுனு எடுக்கத் தோதா இருக்கட்டும்மா" என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து டெஸ்க்டாப்பிலேயே போட்டார். இப்போது திருத்தம் ஒரு பிரதியில் நடக்கிறது, அச்சுக்கு இன்னொன்று போகிறது.

அவரிடம் பத்திரிகை கொடுத்திருப்பவர்கள் புரூஃபில் கையெழுத்துப் போடுமுன் மாப்பிள்ளை பெயரை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். அது போன வருஷத்து மாப்பிள்ளையாக இருக்கலாம்.