மாலைக்கு ஏத்த படம்

கேமரா வாங்கிய மறுநாளே வேலை குவிந்துவிடும். காசுதான் வராது.

திருமங்கலம் பக்கத்து இளைஞர் ஒருவர், சிவில் இன்ஜினியரிங் முடித்த கையோடு கேனான் 1500டி ஒன்றை மாதத் தவணையில் எடுத்தார். ஆறே மாதத்தில் நாலு காதணி விழா, இரண்டு புதுமனை புகுவிழா, ஒரு மஞ்சள் நீராட்டு. எல்லாம் சொந்தபந்தம். "நம்ம வீட்டு விசேஷம்டா, காசா முக்கியம்?" என்றார் சித்தப்பா. சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் சித்தப்பா இந்தத் தத்துவத்தைச் சொன்னதாகத் தகவல் இல்லை. கூலி, கடைசிப் பந்தியில் ஓர் இலை. அதற்குள் பாயசம் தீர்ந்து ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கேமராவின் பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் தாங்கும். ஒரு காதணி விழாவில், மண்டபத்து வாசலில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டதிலேயே பாதி போயிற்று. ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோன நொடியில் மீதியும் தீர்ந்தது. மாற்று பேட்டரி வாங்கப் பணமில்லை. "இன்னொரு தடவை குத்தச் சொல்லவா?" என்று தாய்மாமா கேட்டதும், மடியில் இருந்த குழந்தை அழுத அழுகையைத்தான் படமெடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் அம்மா தினமும் தவணைத் தேதியை ஞாபகப்படுத்தினார். "பெரிய போட்டோகிராபர் ரகு ராயும் சிவில் இன்ஜினியர்தாம்மா. அறுபதுகளில் கிராமத்தில் ஒரு கழுதைக்குட்டியைப் படமெடுத்தார். அவர் அண்ணன் அதை லண்டன் டைம்ஸுக்கு அனுப்ப, அங்கே அச்சாகிவிட்டது. அதுதான் ஆரம்பம்" என்றார் மகன். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அப்ப போய்க் கழுதையைத் தேடு."

கழுதை கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருத் தாத்தா கிடைத்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். "ஏப்பா, எனக்கொரு படம் எடுக்கணும். மாலை போடுற மாதிரி." பேரன் கல்யாணத்துக்கா என்று கேட்டார் இவர். "நான் போன பெறகு போடுற மாலைப்பா. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிசாக்கி மாட்டிருவானுக. அதுல நான் களவாணி மாதிரி இருக்கேன்."

விலை சொல்லும்போதுதான் புதியவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவே 1930களில் பம்பாயில் பிக்னிக் படங்களுக்கு வாங்கியது படத்துக்கு ஒரு ரூபாய். நம்மவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஐந்நூறு என்றார். தாத்தா நூறு என்றார். பிரேம் போட்டு முந்நூறுக்குப் படிந்தது. பிரேம் எவ்வளவு ஆகும் என்பது நம்மவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேப்பமர நிழலில் நாற்காலி போட்டாயிற்று. இணையத்தில் பார்த்துப் படித்த வித்தை அத்தனையும் காட்ட வேண்டாமா? 50 எம்எம் லென்ஸின் துளையை எஃப் 1.8-க்கு அகலத் திறந்து சொடுக்கினார். அந்தக் கேமராவின் சிறிய சென்சாருக்கு அது கிட்டத்தட்ட 80 எம்எம் லென்ஸ் போல; முகத்துக்கு அம்சமாக இருக்கும். கண் கத்தி மாதிரி கூர்மை. பின்னணி வெண்ணெயாய்க் கரைந்திருந்தது. பெருமையோடு திரையைக் காட்டினார்.

"லென்ஸைத் துடைக்கலையா?"

"அது அப்படித்தான் தாத்தா, அழகுக்கு."

"பின்னாடி என் டிராக்டர் நிக்குது, தெரியவே இல்லை. என் காதையும் காணோம். நானென்ன காதறுந்தவனா?"

துளையை எஃப் 8-க்குச் சுருக்கியதும் காது வந்தது, டிராக்டர் வந்தது, அதன் மேல் காயப்போட்டிருந்த லுங்கியும் வந்தது. சிரிக்கச் சொன்னதற்கு மட்டும் தாத்தா ஒப்பவில்லை. "சிரிச்சா, போனதுல சந்தோசம்னு நெனைப்பாங்க." லுங்கியை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள்.

பிரேம் போட்ட கையோடு தாத்தா அதைத் திண்ணைச் சுவரில் மாட்டிவிட்டார். பொட்டு, மாலை எதுவும் இல்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நுழைந்தார்கள். உள்ளேயிருந்து தாத்தா வெற்றிலைப் பெட்டியோடு வந்து, "வாங்க வாங்க, காபி போடச் சொல்லவா?" என்றார்.

அந்தத் திண்ணைதான் நம்மவருக்கு விளம்பரப் பலகை. அடுத்த வாரத்துக்குள் தாத்தாவின் சீட்டாட்டக் கூட்டாளிகள் நாலு பேர் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் தங்களுக்கும் டிராக்டர் வேண்டும் என்றார்கள், சொந்தமாக இல்லாவிட்டாலும். மூன்று பேர் கேமராவைத் தொடுவதற்கு முன்பே நோட்டை எண்ணி வைத்தார்கள். நாலாமவர் மட்டும் சட்டைப் பைக்குள் கையே விடவில்லை.

"மொதல்ல மாலை விழட்டும் தம்பி. என் மகன் குடுப்பான்."